வருடம் வேண்டாத பட்டியலும் தெய்வானை அக்காவின் தசமியும்

முதியோர் இல்லத்து அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளை போன கிழமை என்னைச் சந்தையில் கண்டுவிட்டாள். "றீற்றா அக்கா, இப்ப போன் தானாவே மணியடிச்சுச் சொல்லுது. நாளைக்கு ஆரின்ர பிறந்தநாள், நாளண்டைக்கு ஆரின்ர நினைவுநாள் எண்டு. நீங்கள் எல்லாம் எப்பிடித்தான் சமாளிச்சனீங்களோ?" என்று கேட்டாள். குரலில் ஒரு இரக்கம் வேறு. நாங்கள் ஏதோ கல்லில் கீறிக்கொண்டிருந்த ஆட்கள் மாதிரி! "எடி பிள்ளை, எங்களிட்டையும் கம்பியூட்டர் இருந்தது, அதுக்கு முன்னால மரியநாயகம் சேரும் இருந்தவர்" என்று சொல்லிவிட்டு மீனையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மீன் வெட்டும்போது, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவை ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் கரம்பொன்னில் பிறந்தவள். படித்தேன், சங்கக்கடையில் எழுதுவினைஞராக இருந்தேன், சண்டை வர ஊரைவிட்டு ஓடினேன், திரும்பி வந்தேன். இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும், அடக்கிவிடுகிறேன். ஊர்காவற்றுறையில் முதியோர் இல்லம் தொடங்கியபோது, "மூண்டு மாசத்துக்கு வந்து நில்லும்" என்று கூப்பிட்டார்கள். அந்த மூன்று மாதம் என் ஓய்வு வயதில்தான் முடிந்தது. பெயருக்கு அலுவலக உதவியாளர். உண்மையில் அரிசி வாங்குவது, மருந்து எடுப்பது, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பவர்களை எழுப்பி இருத்துவது எல்லாம் என் தலையில்.

எங்கள் இல்லத்துச் சாப்பாடு எப்படி நடந்தது என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தீவுப்பகுதிச் சனம் பாதி வெளிநாட்டில். அங்கே ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால், தகப்பனுக்கு நினைவுநாள் என்றால், அந்த நாளில் இங்கே எங்கள் இல்லத்தில் உள்ளவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள். சாப்பிட முன் அந்தப் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை நடக்கும். பிறந்தநாள் என்றால் பாட்டும் உண்டு. நான் போனைத் தூக்கிப் பிடிக்க, அங்கிருந்து அவர்கள் பார்ப்பார்கள். ஒரு முறை கொடுத்தவர்கள் வருடா வருடம் கொடுப்பார்கள். ஆகவே எந்த நாளில் யாருடைய பெயர் என்பது எங்களுக்கு உயிர்.

அந்தப் பட்டியலுக்குச் சொந்தக்காரர் எங்கள் மனேஜர் மரியநாயகம் சேர். கொழும்பில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். சத்தம் போடமாட்டார். யாரையும் 'ஏலாது' என்று சொல்லித் திருப்பி அனுப்பமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேட்டின் கீழ் விளிம்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டு "யோசிப்பம்" என்பார். அதற்கு அர்த்தம் 'ஏலாது' என்பதுதான். வந்தவர் அது விளங்காமல் சந்தோசமாகப் போவார். பிறகு வாசலில் நான் பிடித்து விளங்கப்படுத்த வேண்டும். அந்த வேலைக்கு எனக்குத் தனிச் சம்பளம் தந்திருக்கலாம்.

கணினிக்குக் கிட்ட என்னைப் போகவிடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் அடுத்த கிழமைக்குரியதை அச்செடுத்துத் தருவார், அவ்வளவுதான். தொடக்கத்தில் அவரும் ஒரு பாடு பட்டார். எக்செலில் எல்லாத் திகதிகளையும் போட்டு, வரிசைப்படுத்து என்று அழுத்தினால், அது பழைய வருடத்தை முதலில் கொண்டுவந்து நிறுத்தியது. எந்தக் காலத்திலோ இறந்த வேலணைக் கிழவர் முதலாவதாக நின்றார். போன வருடம் பிறந்த குழந்தை, தைமாதப் பிள்ளையாக இருந்தும் அடியில் கிடந்தது. "மூப்புப்படி நிக்கினம் சேர், பந்திக்கு இருத்தவோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திகதிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நிரல். அதில் ஒரு சூத்திரம். அது திகதியிலிருந்து மாதத்தையும் நாளையும் மட்டும் எடுக்கும், வருடத்தை விட்டுவிடும். மாதம் முதலில், நாள் பிறகு, இரண்டுக்கும் இரண்டிரண்டு இலக்கம். தனி இலக்கம் என்றால் முன்னால் ஒரு பூச்சியம் கட்டாயம். அந்தப் பூச்சியம் இல்லாவிட்டால் ஒக்டோபர் மாதம் பெப்ரவரிக்கு முன்னால் வந்து குந்திவிடுமாம். பிறகு அந்த நிரலைப் பிடித்து வரிசைப்படுத்தினார். தை என்கிற ஜனவரி மேலே, மார்கழி என்கிற டிசம்பர் கீழே, அறுபது வருடத்துக்கு முன் செத்தவரும் ஐந்து வயதுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில். "பாத்தீரே றீற்றா? இஞ்ச வருசம் தேவையில்லை. நாள்தான் தேவை" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பெப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த ஒருவர் மட்டும் எங்களை மறித்தார். அச்சில் அவர் பெயர் வருடா வருடம் வரும், கலண்டரில் அவருடைய நாள் வராது. சேர் கண்ணாடியைத் துடைத்தார். நான் சுவிஸுக்கு ஒரு போன் கோல் எடுத்து அவரையே கேட்டேன். "இருபத்தெட்டிலை குடுங்கோ தங்கச்சி, ஒரு நாள் முந்திப் பிறந்தால் என்ன குறைஞ்சு போச்சுது" என்றார். விசயம் முடிந்தது.

இப்படிப் பட்டியல் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு சேருக்கு ஒரு எண்ணம் வந்தது. வெளிநாட்டுக்காரரின் பெயர்களைச் சொல்லி எங்கள் ஆட்கள் நெடுகப் பிரார்த்திக்கிறார்கள். அவர்களுக்கும் செத்தவர்கள் இருக்கிறார்கள்தானே? கேட்டு எழுதும்படி சொன்னார். ஒவ்வொருவர் கட்டிலுக்கும் போய்க் கேட்டேன். அப்படித்தான் தெய்வானை அக்காவிடம் போனேன்.

நயினாதீவு மனுசி. எழுபதைத் தாண்டியும் 'ஆச்சி' என்றால் திரும்பிப் பார்க்கமாட்டா. "அக்கா எண்டு கூப்பிடு, வாறன்" என்பா. புருசன் இல்லை, இனசனமும் இல்லை. ஒரே ஒரு மகள், அதுவும் சிறு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம், வள்ளம் ஓடவில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. இதையெல்லாம் முருங்கையிலை உருவிக்கொண்டே எனக்குச் சொன்னா.

"என்ன திகதி அக்கா?"

"திகதி ஆருக்குத் தெரியும்? கார்த்திகை மாசத்துத் தேய்பிறைத் தசமி."

"வருசம்?"

"வருசம் என்னத்துக்கு? அந்தத் தசமியிலை வருசா வருசம் புக்கை காய்ச்சி வைக்கிறனான். சின்னப் பிள்ளையளுக்குத் திவசம் இல்லையெண்டு ஐயர் சொன்னவர். சோறும் இல்லையெண்டு அவர் சொல்லேல்லைத்தானே?"

நான் கேட்டு வந்ததை சேரிடம் சொன்னேன். தெய்வானை அக்காவும் பின்னாலேயே வந்து கதவடியில் நின்றா. "சேர், நான் கண்ணை மூடினாப் பிறகும் பிள்ளையின்ர நாள் உதிலை நிக்குமோ? எனக்குப் பிறகு அதுக்கு வைக்க ஆள் இல்லை." சேர் கண்ணாடியைக் கழற்றினார். இல்லத்து நிர்வாகம் ஏற்கெனவே ஒரு விதி வைத்திருந்தது. ஒருவர் இறந்தால் அவர் கேட்டுப் போட்ட பெயர்களும் எடுக்கப்படும், இல்லாவிட்டால் பத்து வருடத்தில் நாளுக்கு நாலு நினைவுநாள் வந்து நிற்கும் என்று. "யோசிப்பம் அக்கா" என்றார் சேர். வாசலில் அவவைப் பிடித்து விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவவுக்கு விளங்கிவிட்டது.

சேர் பக்கத்துக் கோயில் குருக்களிடம் கேட்டு, அந்த வருடத் தசமி டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது என்று அறிந்து அந்தத் திகதியைப் போட்டார். அந்த வருடம் குறையில்லாமல் நடந்தது. சர்க்கரைப் பொங்கல் என்கிற புக்கை, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். வாழையிலையில் படைத்து, கிணற்றடி மதிலில் ஒரு பிடி வைத்து, காகம் வந்து தின்ற பிறகுதான் அக்கா சாப்பிட்டா.

அடுத்த வருடம் வெள்ளிக்கிழமை அச்சில் பெயர் வந்தது. நானும் கெட்டிக்காரி மாதிரி போய், "அக்கா, நாளைக்கு மகளின்ர நாள், வாழைக்காய் வாங்கிட்டன்" என்றேன்.

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "நேற்றுப் பின்னேரம் மழை விட்ட நேரம் மேற்கை பிறை கண்டனான் றீற்றா. அது வளர்பிறை எல்லோ. தேய்பிறைத் தசமி எப்பவோ போட்டுது."

திதி சந்திரனின் கணக்கு, வருடா வருடம் திகதி மாறும். சேர் முதல் வருடத்துத் திகதியைப் போட்டு, வருடத்தை விட்டுவிட்டு, அதுதான் என்றைக்கும் என்று வைத்துவிட்டார். இரண்டு கிழமையாக மழை இருட்டு, வானம் தெரியவில்லை. "ஒபிசிலை சொல்லுவினம் எண்டு நான் பேசாமல் இருந்திட்டன்" என்றா தெய்வானை அக்கா. பிறகு, "பிள்ளை வந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிருக்கும்" என்றா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகக் கதவைத் தட்டாமல் திறந்தேன். "சேர், உங்கட சூத்திரம் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டிட்டுது" என்றேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. கண்ணாடியைத் தொடவில்லை. எழும்பி நேரே அக்காவின் கட்டிலடிக்குப் போனார்.

"அக்கா, பிழை என்னிலை. எங்கட வேதக்கார ஆக்களுக்குத் திகதிதான் நாள். அப்பாவின்ர பூசைக்குத் திகதியைத்தான் குடுக்கிறனாங்கள். அதையே உங்களுக்கும் போட்டிட்டன்."

"இருங்கோ சேர், நிண்டு கதையாதையுங்கோ" என்று கதிரையை இழுத்துவிட்டா அக்கா. "சின்னப் பிள்ளைதானே, பொறுக்கும். பெரிய ஆக்கள்தான் கோவிப்பினம். நாளைக்கு வைப்பம். பிந்தின சோறும் சோறுதான்."

அதற்குப் பிறகு சேர் தன் பட்டியலைத் திருத்திய விதத்தை நான் மறக்கமாட்டேன். திதிக்காரர் எல்லோருக்கும் மஞ்சள் நிறம் அடித்தார். மஞ்சள் வரிகளில் மாதம், பிறை, திதி மூன்றும் சொல்லாக நிற்கும். திகதி வெறுமையாக இருக்கும். தையில் புதுக் கலண்டர் வந்தவுடன் குருக்களிடம் போய், அந்த வருடத்துக்குரிய திகதியை ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து நிரப்புவார். பிறகுதான் வரிசைப்படுத்துவார். வருடம் முடிய மஞ்சள் திகதிகளை அழித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். "றீற்றா, ஏகாதசிக்குப் பிறகு துவாதசியோ, திரயோதசியோ?" என்று கேட்பார். "எனக்கென்ன தெரியும் சேர், நானும் உங்கட மாதாகோயில்தானே" என்பேன். ஜெபமாலை வைத்திருந்த பையில் கோயில் கலண்டரும் இருந்தது.

அந்தத் தையில் வரிசைப்படுத்திப் பார்த்தபோது டிசம்பர் ஒன்பதில் இரண்டு வரிகள் ஒன்றாக வந்து நின்றன. மஞ்சள் வரி, தெய்வானை அக்காவின் மகள். அதற்குக் கீழே வெள்ளை வரி, லண்டனில் இருக்கிற சுபா என்கிற பிள்ளையின் மகள் ஆரணிக்குப் பிறந்தநாள். சுபா ஊர்காவற்றுறைப் பிள்ளை, சின்ன வயதில் போனவள். ஆரணியின் பிறந்தநாளுக்கு வருடா வருடம் கோழிக் குழம்பு கேட்பாள். சமையலுக்கு எங்களுக்கோ ஒரே குசினி. அக்காவின் படையல் நாளில் அங்கே மச்ச மாமிசம் ஏறாது.

நாள் கிட்ட வர, அக்காவுக்குக் கதை போய்விட்டது. தானாகவே வந்தா. "பிறந்தநாளைத் தள்ளாதையுங்கோ சேர். குழந்தையின்ர நாள். நான் விடிய வெள்ளெனப் புக்கையை வெளியில மூண்டு கல்லு வைச்சுக் காய்ச்சிறன். அவை கோழி காய்ச்சட்டும்."

சேர் கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் 'யோசிப்பம்' என்று சொல்லவில்லை. என்னை லண்டனுக்குக் கோல் எடுக்கச் சொல்லி, போனைத் தானே வாங்கிக் கதைத்தார். விசயத்தை முழுதாகச் சொன்னார், போன வருடம் தான் விட்ட பிழையையும் சேர்த்து.

"கோழி வேண்டாம் சேர்" என்றாள் சுபா. "அந்த அம்மா தன்ர பிள்ளைக்கு என்ன வைக்கிறாவோ, அதையே எல்லாருக்கும் வையுங்கோ. ஆரணிக்கும் அதுதான் இந்த முறைப் பிறந்தநாள் சாப்பாடு."

கோழி இல்லை என்றதும் ஆண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. "ஆரும் வாய் திறந்தால் நாளைக்குக் கஞ்சிதான்" என்று ஒரு சத்தம் போட்டேன், அடங்கியது.

அன்று மத்தியானம் கிணற்றடியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். லண்டனில் விடிந்தும் விடியாத நேரம். ஆரணி நித்திரைச் சட்டையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தாள். எல்லோரும் பாட்டுப் பாடினோம். தெய்வானை அக்காவும் கை தட்டிப் பாடினா, வாழையிலை பக்கத்தில் இருந்தது.

"அந்த இலை யாருக்கு?" என்று கேட்டது குழந்தை.

"என்ர மகளுக்கு" என்றா அக்கா.

"அவவுக்கு எத்தினை வயசு?"

"ஆறு."

"எனக்கும் இண்டைக்கு ஆறு!" குழந்தைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அவவின்ர பேர் என்ன?"

நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பட்டியலில் 'தெய்வானை, மகள்' என்றுதான் இருந்தது. இத்தனை காலத்தில் நாங்கள் ஒருவரும் பெயரைக் கேட்கவில்லை. அக்காவும் கொஞ்சம் திகைத்துத்தான் போனா. எத்தனை வருடமோ அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி.

"வசந்தி" என்றா. பிறகு திரும்பவும், "வசந்தி" என்றா.

அதற்குள் காகம் மதிலில் வந்து குந்திவிட்டது. ஆரணி அங்கே கத்திய கத்தலில் காகம் ஒரு தரம் எழும்பிப் பறந்து திரும்பி வந்தது. சேர் சாப்பிடாமல் அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைப் போட்டுவிட்டுத்தான் பந்திக்கு வந்தார்.

அடுத்த ஆடியில் தெய்வானை அக்கா போய்விட்டா. இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கடைசி இரவில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடியபடியே, "கார்த்திகை வருமுன்னம் போறன் றீற்றா, அதுதான் கவலை" என்றா. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு சேர் பட்டியலைத் திறந்தார். அவ கேட்டுப் போட்ட வசந்தியின் வரியை எடுத்துவிட்டார். நான் சண்டைக்குப் போனேன். "உங்கட நெஞ்சு கல்லோ சேர்?"

"ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும். போன வருசம் பொன்னம்மா செத்த நேரம் அவவின்ர மனுசனின்ர பேரை எடுத்தனாங்கள். அந்த மனுசன் என்ன பாவம் செய்தது, சொல்லும்?" என்றார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை வந்தது. தசமி எந்த நாள் என்று எனக்குத் தெரியும், கலண்டரில் பார்த்து வைத்திருந்தேன். வீட்டில் நானே ஒரு பிடி புக்கை காய்ச்சி வைக்கலாமா என்று யோசித்தேன். வாசலில் சிலுவை இருக்கிற வீட்டை அந்தப் பிள்ளை அடையாளம் கண்டு வருமா என்று தயங்கினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று சிரிப்பு வரவில்லை. யோசித்துக்கொண்டே வேலைக்கு வந்துவிட்டேன். பந்தி முடிந்து, பாத்திரங்கள் கழுவி முடிகிற நேரம் போன் அடித்தது. சுபா.

"றீற்றா அன்ரி, கார்த்திகைத் தேய்பிறைத் தசமி எண்டு அண்டைக்குச் சேர் சொன்னவரெல்லோ? இஞ்சத்தைக் கோயில் கலண்டரிலை பாத்தனாங்கள். இண்டைக்குத்தானே? விடியவே புக்கை காய்ச்சி வைச்சிட்டம். இனி ஒவ்வொரு வருசமும் நாங்கள் வைப்பம். அந்த அம்மாட்டைச் சொல்லிவிடுங்கோ."

அந்த அம்மா இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சுபா அழுதாள், நானும் அழுதேன், சேர் அலுவலகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அங்கே போனை யாரோ பறித்த சத்தம் கேட்டது.

"அன்ரி, நான் ஆரணி. எனக்கு ஏழு வரப்போகுது. வசந்திக்கு?"

"வசந்திக்கு ஆறு, பிள்ளை."

"அப்ப நான்தான் அக்கா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய தவறு ஒன்று நடந்துவிட்ட மாதிரிச் சொன்னாள். "அன்ரி, மதிலிலைதான் வைச்சனாங்கள். ஆனால் காகம் வரேல்லை. அணில் வந்து எல்லாத்தையும் திண்டிட்டுது. வசந்தி கோவிப்பாவோ?"

"இல்லையம்மா" என்றேன். "வசந்திக்கு அணில் எண்டால் சரியான விருப்பம்."

அது எனக்கு எப்படித் தெரியும் என்று சேர் பிறகு கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அணிலைப் பிடிக்காமலா இருக்கும்?